லீவு நாள் கையோடு வாங்கிய துப்பாக்கி

விடியற்காலையில் வெர்லீனுக்கு முன்னால் அவளுடைய வலது கை விழித்துக்கொள்ளும். மணிக்கட்டுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஆரம்பித்து, அங்கிருந்து விரல்களுக்கு இறங்கும். ஆள்காட்டி விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கிப் பூட்டிக்கொண்டு கிடக்கும். இடது கையால் பிடித்து இழுத்தால் ஒரு சொடுக்கோடு நிமிரும். அந்தச் சொடுக்கு கடைவாய்ப் பல் வரைக்கும் போகும். அதனால் இழுப்பதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் கை பொறுக்கிற சூட்டுக்கு வெந்நீரைப் பிடித்து, கையை உள்ளே போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே செம்மண் பாதையைப் பார்த்தபடி நிற்பாள். தண்ணீர் ஆறுவதற்குள் விரல் இளகிவிட்டால் அது நல்ல நாள்.

மிஸிஸிப்பியில் அவள் இருந்த அந்த ஊரில் பெண்களுக்கு இருந்தது இரண்டே வேலை. ஒன்று முதியோர் விடுதியில் பீ துடைப்பது. இன்னொன்று கோழி ஆலை. வெர்லீன் கல்யாணமான வருஷத்திலேயே ஆலைக்குப் போனாள். புருஷன் போய்ச் சேர்ந்தான், ஆலை மட்டும் மிஞ்சியது. பெல்ட்டில் தலையில்லாத கோழிகள் கூம்பில் செருகி வரும். தோள்மூட்டில் கத்தியை இறக்கி, இறக்கையை முறுக்கி இழுத்து, நெஞ்சுக் கறியைக் கழற்றவேண்டும். அடுத்தது வந்துவிடும். குளிர் எலும்பில் இறங்குகிற அறை. மூத்திரம் போகக்கூட சூப்பர்வைசரிடம் கை தூக்க வேண்டும். அந்த வேலைதான் விரலைப் பூட்டியது. ஆலை நர்ஸ் இரண்டு வலி மாத்திரை கொடுத்து, கையை உருக்கிய மெழுகில் முக்கச் சொல்லி, திரும்ப லைனுக்கே அனுப்புவாள்.

ஒரு வியாழக்கிழமை வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. பேசியது ஆளில்லை, மிஷின். சிறையிலிருந்து யாரையாவது விடப்போகிறார்கள் என்றால், புகார் கொடுத்தவருக்கு முன்கூட்டியே சொல்லுகிற ஏற்பாடு அது. எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்த குரல், பெயர் வந்த இடத்தில் மட்டும் தடுக்கி, ஜா, ரெல் என்று இரண்டாக உடைத்துச் சொன்னது. மாதக் கடைசியில் விடுகிறார்களாம். செய்தி விளங்கியதென்றால் ஒன்றை அமுக்கச் சொன்னது. வெர்லீன் இடது கட்டைவிரலால் அமுக்கினாள்.

ஜாரெல் அவள் பெற்ற ஒரே பிள்ளை.

மெத் என்கிற அந்தப் போதைச் சனியன் அவனைப் பிடித்த பிறகு வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போனது. டிவி போனது. ஏசிக்குள் இருந்த செம்புக் கம்பி போனது. குளிர்பெட்டி, அதற்குள் இருந்த மான்கறியோடு போனது. அதையெல்லாம் அவள் பொறுத்தாள். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கார் சாவி தரமாட்டேன் என்றதற்கு, அவளை அடுப்பில் சாய்த்து முன்னங்கையைக் கழுத்தில் வைத்து அழுத்தினான். நிற்கிற இடத்திலேயே அவளுக்கு மூத்திரம் போய்விட்டது. அடுத்த நாள் ஷெரீஃப் ஆபீசுக்குப் போய்ப் புகாரில் கையெழுத்துப் போட்டாள். சிறைக்குப் பார்க்கப் போன உறவுக்காரனிடம் அவன் சொல்லி அனுப்பியிருந்தான்: வெளியே வந்ததும் முதல் வேலை அம்மாதான். அதை அந்த உறவுக்காரன் தேவாலய வாசலில் வைத்து, ஏதோ கல்யாணச் சேதி மாதிரி அவளிடம் ஒப்பித்தான்.

ஓடிப்போ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எங்கே ஓடுவது? சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்தின ட்ரெய்லர் வீடு அவளுடையது, அது நின்ற நிலம் அவள் அப்பன் பருத்தி எடுத்து வாங்கினது. பூட்டை மாற்றினாள். ட்ரெய்லர் கதவு தகரம்தான். ஜாரெலுக்கு அதைக் கழற்ற ஒரு ஸ்பூன் போதும்.

ஆகவே துப்பாக்கி.

லைனில் அவளுக்கு அடுத்து நின்று இறக்கை வெட்டுகிறவள் ஐனெஸ். குட்டையான, வாய் நீண்ட பொம்பிளை. கைக்கு அடக்கமான ஒரு சின்ன ரிவால்வரைப் பாடிக்குள் வைத்துக்கொண்டுதான் சர்ச்சுக்கே வருவாள். விஷயத்தை அவளிடம் மட்டும்தான் வெர்லீன் சொன்னாள். சாப்பாட்டு இடைவேளைக்குள் மொத்த அறைக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? வண்டி ஓட்டுகிறவன் ஒருத்தன், ஒன்பது மில்லிமீட்டர் குண்டுக்குக் கீழே எதுவும் துப்பாக்கியே இல்லை என்றான். பெட்டி கட்டுகிறவள், தன் மகள் ரோஸ் கலர் பிடி போட்டது வாங்கியிருக்கிறாள், பார்க்க அவ்வளவு லட்சணம் என்றாள். பாஸ்டர் பெண்டாட்டி மிளகாய் ஸ்பிரே போதும், கர்த்தர் மீதியைப் பார்த்துக்கொள்வார் என்றாள். பொம்பிளைக்குச் சின்னது, ஆம்பிளைக்குப் பெரியது என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று.

ஐனெஸ் பொரித்த சாஸேஜ் ரொட்டியைக் கீழே வைத்தாள். "உங்க கையையெல்லாம் கடன் வாங்கியா அவ சுடப்போறா? மொதல்ல அவ கையப் பாருங்கடி."

அன்றைக்கு ஷிப்ட் முடிந்ததும், ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றாமல் அவளை ஹாலிஸ் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஹாலிஸ் அடகுக்கடைக்காரர். வெள்ளைக்காரர், வயது எழுபது இருக்கும், மரலாரி ஓட்டி ஒரு காது செவிடு. ஊரில் யாருடைய கல்யாண மோதிரம் எந்த மாதம் உள்ளே வந்து எந்த மாதம் வெளியே போகும் என்று அவருக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள் மீன் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

சின்னதாக, பையில் போட்டால் தெரியாததாக வேண்டும் என்றாள் வெர்லீன்.

"எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க, மிஸ் வெர்லீன். சின்னது தூக்கத்தான் லேசு, சுட லேசில்ல. பிடிக்க எடமிருக்காது. ஒதைக்கிற ஒதை பூரா கைக்குத்தான் வரும்."

சொல்லிக்கொண்டே உள்ளங்கை அளவு பிஸ்டல் ஒன்றை எடுத்து, குண்டில்லை என்று இரண்டு தடவை காட்டிவிட்டுக் கொடுத்தார். இதில் முதல் குண்டை ஏற்ற மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வெர்லீன் இழுத்தாள். அது அசையவில்லை. சட்டை நுனியால் பிடித்து இழுத்தாள். உள்ளே இருக்கிற ஸ்பிரிங், துப்பாக்கி சின்னதாக ஆக ஆக முரடாகும் என்று ஹாலிஸ் அப்புறம்தான் சொன்னார். கடையில் தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தன், கோழியைக் கிழிக்கிற கைக்கு இதைக் கிழிக்க முடியவில்லையே என்றான்.

"நேத்து நீ தின்ன கோழியக் கிழிச்ச கைதாண்டா அது," என்றாள் ஐனெஸ். "நீ புழுவப் பாரு."

அடுத்து ஐந்து குண்டுக் குட்டை ரிவால்வர். எடை இருக்கிறதே தெரியவில்லை. இழுக்கவோ ஏற்றவோ ஒன்றுமில்லை, விசையை அழுத்தினால் சுடும். ஆனால் அழுத்து நீளம், கனம். ஒவ்வொரு குண்டுக்கும் விரலை முழுசாக முன்னுக்கு விட்டு, மறுபடி முழுசாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹாலிஸ் பத்துத் தடவை அழுத்தச் சொன்னார். முதல் தடவை அழுத்தினாள். இரண்டாவது தடவை கை நடுங்கியது. மூன்றாவதில் விரல் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. வெர்லீன் சத்தம் போடாமல் இடது கையால் அதைப் பிரித்து எடுத்தாள். சொடுக்குச் சத்தம் செவிட்டுக் காதுக்கே கேட்டிருக்கும்.

ஹாலிஸ் ரிவால்வரை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். பிறகு கேட்டார், "ஆள் எவ்வளவு தூரத்துல நிப்பான்?"

"சமையக்கட்டுல. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவுல."

"பெரிய ஆளா?"

"ஆறடிக்கு மேல. எடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொறக்கும்போது தோள் மாட்டிக்கிச்சு. நர்ஸ் இழுத்தா."

ஹாலிஸ் ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். தூண்டில்காரன் புழு டப்பாவை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான்.

கடைசியில் அடித்தட்டிலிருந்து நடுவாந்தரமான ஒரு பிஸ்டலை எடுத்தார். கைவலி உள்ளவர்களுக்கென்றே செய்தது, மேல்பாகம் வெண்ணெய் மாதிரி பின்னுக்கு வந்தது. விசையும் லேசு, விரலைக் கொஞ்சம் விட்டாலே அடுத்ததுக்குத் தயாராகும். வேலை முடிந்த கையிலேயே வெர்லீன் பத்துத் தடவையும் அழுத்தினாள். ஆனால் தடிமனாக இருந்தது. மேலங்கிப் பையில் போட்டுப் பார்த்தாள். பை தொங்கியது, குருடனுக்குக்கூட உள்ளே என்னவென்று தெரியும். இடுப்பில் உறை கட்டி மேலே தொளதொள சட்டை போடலாமே என்றார் ஹாலிஸ்.

"வந்ததும் கட்டிப் பிடிப்பான்," என்றாள் வெர்லீன். "எப்பவும் மொதல்ல இடுப்பக் கட்டித்தான் பிடிப்பான்."

வீட்டில் எங்கே வைத்தாலும் அவன் எடுத்துவிடுவான் என்றும் சொன்னாள். மாவு டப்பா, தலையணை உறை, கக்கூஸ் தொட்டி மூடிக்கு அடியில், எல்லாம் அவன் தேடி எடுத்த இடங்கள்தான். உடம்பில் இருந்தால்தான் அது அவளுடையது. உடம்பில் இருப்பது தெரியக்கூடாது.

ஹாலிஸ் வற்புறுத்தவில்லை. யோசித்துவிட்டு வரச் சொன்னார். "ஒண்ணு மட்டும் கேளுங்க. எத வாங்குனாலும் இதே மாதிரி வேலை செஞ்ச கையில பாத்து வாங்குங்க. லீவு நாள் கையோட வராதீங்க. அவன் வர்ற அன்னிக்கு உங்களுக்கு லீவா இருக்காது."

திரும்பும்போது காரில் ஐனெஸ், அந்தத் தடித்ததையே வாங்கு, பாடிக்குள் வைக்கத் தோதாக நானே ஒன்று தைத்துத் தருகிறேன் என்றாள். கைமாற்றாக இருநூறு டாலர் கொடுத்தாள். அவள் பேத்திக்குப் பல் கம்பி போடச் சேர்த்த பணம் அது. அதை அவள் சொல்லவில்லை, வெர்லீனுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஆலையில் குளிரூட்டுகிற அம்மோனியா குழாய் வெடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழாயை மாற்றுகிறவரை ஆலையை மூடிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. வெர்லீன் வீட்டில் இருந்தாள். இரண்டாம் நாள் கை வீக்கம் வடிந்தது. மூன்றாம் நாள் சட்டைப் பொத்தானைத் தானே போட்டாள். நாலாம் நாள் ஊறுகாய் ஜாடியை ஒரே திருகில் திறந்து, திறந்த ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி சிரித்தாள். விடியற்காலையில் வெந்நீர் வேண்டியிருக்கவில்லை. கை சரியாகிவிட்டது என்று நம்புவதற்கு அவ்வளவு போதுமாக இருந்தது. வருஷக்கணக்காக வலித்த உடம்பு ஒரு நாள் வலிக்காவிட்டால், அதுதான் தன் நிஜமான உடம்பு என்று நினைத்துக்கொள்ளும்.

அன்றைக்கே தனியாக ஹாலிஸ் கடைக்குப் போனாள்.

குட்டை ரிவால்வரைக் கேட்டாள். ஹாலிஸ் தரவில்லை, கையைக் காட்டச் சொன்னார். இது வேலை செய்த கையா, லீவு கையா என்று கேட்டார். டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டேன், விரல் இனிப் பூட்டாது என்றாள். அவள் வாழ்க்கையில் அந்த மனுஷனிடம் சொன்ன ஒரே பொய். பத்துத் தடவை அழுத்தினாள், ஒரு தடவையும் மாட்டவில்லை. மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டினாள், மூக்குக்கண்ணாடி இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. தடித்ததைவிட விலையும் குறைவு.

கம்ப்யூட்டரில் அவள் பெயரைப் போட்டு, குற்றப் பதிவு ஒன்றுமில்லை, விற்கலாம் என்று வந்ததும், ஹாலிஸ் துப்பாக்கியையும் பைக்குள் வைக்கிற துணி உறையையும் ஒரு பெட்டி குண்டையும் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். தொலைந்தாலோ திருடு போனாலோ அன்றைக்கே ஷெரீஃப் ஆபீசில் சொல்லிவிடவேண்டும்; துப்பாக்கியில் பொறித்திருக்கிற நம்பர் எங்கே போனாலும் உங்கள் பெயரையும் தூக்கிக்கொண்டு போகும் என்றார். சரி என்றாள்.

நிலத்தின் கடைசியில் செம்மண் மேட்டின் அடியில் சோப்புத்தூள் டப்பாவை வைத்து ஐந்து குண்டும் சுட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை எலும்பில் கத்திப்பிடியால் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு பட்டது. டப்பாவில் விழுந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அன்றிரவு கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுக்காமல் தூங்கினாள்.

பிறகு ஆலை திறந்தது. போன நாட்களையெல்லாம் பிடிக்கவேண்டும் என்று பெல்ட்டை வேகப்படுத்தினார்கள், சனிக்கிழமையும் வரச் சொன்னார்கள். நாலே ஷிப்டில் பழைய கை திரும்பி வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் குண்டை எடுத்துவிட்டு அழுத்திப் பார்த்தாள். இரண்டாவது அழுத்திலேயே விரல் பூட்டிக்கொண்டது. கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலிஸிடம் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் பொய்யையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ஐனெஸிடம் பெரியதைத்தான் வாங்கினேன் என்று வேறு சொல்லி வைத்திருந்தாள். முதல் குண்டு போதும், ஒன்று சுட்டால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குண்டுகளைத் திரும்ப உள்ளே போட்டாள்.

ஜாரெல் ஒரு புதன்கிழமை, அவள் வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்தான். கதவைத் தட்டினான். தட்டுகிறவனாக அவன் வருவான் என்று அவள் நினைக்கவேயில்லை. சிறையில் கொடுக்கிற வெள்ளைத் துணிச் செருப்பு, புதிதாக வெட்டிய முடி. கொஞ்சம் சதை போட்டிருந்தான். கண் தெளிவாக இருந்தது. அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு திறந்தாள். இடுப்பில் கை போட்டுக் கட்டிப் பிடித்தான். தொடைப்பக்கப் பையில் இருந்தது அவனுக்குத் தட்டுப்படவில்லை. அந்த அளவுக்கு அவள் கணக்கு சரி.

"பசிக்குதும்மா."

பன்றிக் கழுத்தெலும்புக் குழம்பும் சோறும் இருந்தது. நின்றபடியே சாப்பிட்டான். வெளியே அவனுக்கு யாரோ வேலை தருவதாகச் சொன்னது, சிறையில் பைபிள் வகுப்புக்குப் போனது எல்லாம் பேசினான். அவளுக்குப் பாதி காதில் விழுந்தது. வலது கை பைக்குள் இருந்தது. பிடியைப் பிடித்திருந்ததா, அல்லது கையே பிடி மாதிரி மடங்கிப்போயிருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

தட்டைத் தொட்டியில் வைத்துவிட்டு, கார் சாவி வேண்டும் என்றான். ஜாக்ஸன் நகரம் வரைக்கும் போய் வரவேண்டுமாம். இல்லை என்றாள். இரண்டாவது தடவை கேட்டான். அப்புறம் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்று, அன்றைக்குத் தூக்கின மாதிரியே முன்னங்கையைத் தூக்கினான்.

வெர்லீன் துப்பாக்கியை எடுத்து அழுத்த ஆரம்பித்தாள்.

நிஜமாகவே ஆரம்பித்தாள். குண்டுகள் இருந்த உருளை திரும்பியது. பின்னால் குண்டை அடிக்கிற சுத்தியல் பாதி எழும்பிவிட்டது. அப்போது ஜாரெல் கையைக் கீழே போட்டான். பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் வாசலில் நிற்பானே, அந்த முகம். அவளுக்குச் சுட வேண்டியிருக்கவில்லை. விட்டுவிடலாம் என்று விரலுக்குச் சொன்னாள். விரல் கேட்கவில்லை. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் பாதியில் பூட்டிக்கொண்டுவிட்டது. வலி முழங்கை வரைக்கும் ஏறி, கை நடுங்க ஆரம்பித்தது; நடுக்கத்துக்கு நடுக்கம் சுத்தியல் ஒரு நூல் எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தது.

"ஜாரெல், நகராத. வெரல் பூட்டிக்கிச்சு."

"என்னது?"

"எடுக்க முடியலடா. அப்படியே நில்லு. கைய நீட்டாத, வெடிச்சிரும்."

இடது கையைக் கொண்டுவந்தால் குறி ஆடும், ஆடினால் விரல் இன்னும் மடங்கும். ஜாரெல் அவள் கையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த கைதான். சின்ன வயதில் தினம் காலையில் பஸ் வருவதற்கு முன்னால் அவள் விரல்களைப் பிடித்துத் தைலம் தேய்த்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டவன் அவன்தான். மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து, துப்பாக்கி வாய்க்கு வெளியே வந்து, தன் கட்டைவிரலைச் சுத்தியலுக்கு முன்னால் இருந்த சந்துக்குள் செருகினான். அந்த நேரம் பார்த்து அவள் கை வெட்டி இழுத்தது. சுத்தியல் அவன் விரல்மேல் விழுந்தது. ரத்தம் வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான், விரலை எடுக்கவில்லை. இன்னொரு கையால் அவள் ஆள்காட்டி விரலின் அடிமூட்டை அமுக்கி, பழையபடியே, சொடுக்கு வராமல் நிமிர்த்தினான்.

துப்பாக்கி அவன் கைக்குப் போனது.

அவன் விரலைக் குழாயில் காட்டிக் கழுவினான்.

"இன்னும் வெந்நீர்ல வெக்கிறியா?"

"வெக்கிறேன்."

"என்னைச் சுடத்தான் வாங்குனியா?"

"ஆமா."

தலையை ஆட்டினான். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. துப்பாக்கியைக் கையில் எடை போட்டுப் பார்த்துவிட்டுத் தன் சட்டைக்கு அடியில் செருகிக்கொண்டான். "எவன்மா இத உனக்கு வித்தான்? உன் கைக்கு இது ஆகாது," என்றான். ஆணியில் தொங்கின கார் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அவளைத் தொடவில்லை, அடிக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது என்று வாசலில் நின்று சொன்னான்.

வெர்லீன் ஷெரீஃப் ஆபீசுக்குப் போகவில்லை. ஒரு தடவை சிறைக்குப் போய் வந்தவனிடம் துப்பாக்கி இருந்தால் எத்தனை வருஷம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏற்கெனவே ஒரு கையெழுத்து அவனை உள்ளே தள்ளியிருந்தது. இன்னொன்று போட அந்தக் கை வரவில்லை. என்னைக் கொல்லாமல் விட்டானே என்று ஒரு பக்கம். காரைப் பையனுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஐனெஸிடம் சொன்னாள். ஐனெஸ் அவள் மேலங்கிப் பையைப் பார்த்துவிட்டுத் தன் கத்தியை எடுத்தாள். ஒன்றிரண்டு நாளில் அவனே வருவான், எல்லாம் திரும்பி வரும் என்று நினைத்தபடியே இரண்டாவது வாரமும் ஓடிவிட்டது.

பிறகு ஷெரீஃபின் ஆட்கள் ஆலைக்கே வந்தார்கள். லைனிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள், கோழிகள் வெட்டாமல் அவள் இடத்தைத் தாண்டிப் போயின. நம்பரை வாசித்துக் காட்டி, இது உங்கள் துப்பாக்கியா என்று கேட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோலும் ரொட்டியும் விற்கிற கடை, ஏமன் நாட்டு சலேயுடையது. ஜாரெல் கல்லாவைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். சலே சுடாதே என்று வலது கையை முகத்துக்கு முன்னால் நீட்டியிருக்கிறார். குண்டு உள்ளங்கைக்குள் புகுந்து மணிக்கட்டு வழியாக வெளியே போயிருக்கிறது. ஜாரெலை அன்றைக்கே, காரோடு பள்ளத்தில் விழுந்து கிடந்த இடத்தில் பிடித்துவிட்டார்கள்.

தொலைந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். தொலைந்தது தெரியாது என்றாள். வந்தவர்களில் இளையவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதிக்கொண்டான்.

ஜாரெல் இனி வருஷக்கணக்கில் வரமாட்டான். மிஷின் குரலுக்கு ரொம்ப நாள் அவளோடு வேலையில்லை. எதற்காகத் துப்பாக்கி வாங்கினாளோ அது ஒருவிதத்தில் நடந்துவிட்டது. அவள் சுடவில்லை என்பதுதான் வித்தியாசம். இப்போது கதவைத் தாழ்போடாமல் கூடத் தூங்கலாம். தூக்கம்தான் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை ஐனெஸின் காரில் போகும்போது சலே கடையில் நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய் ஒரு ரொட்டி எடுத்தாள். சலே கல்லாவில்தான் இருந்தார். வலது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. இடது கையால் சில்லறையை எடுக்கத் தெரியாமல் நாணயங்கள் தரையில் உருண்டன. வெர்லீன் குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். விரல்கள் மடங்கினபடி கட்டுக்கு வெளியே தெரிந்தன. நரம்பு போய்விட்டதாம், இனிக் கையைத் திறக்கமுடியாதாம். அவள் கேட்காமலே சொன்னார், எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரி. அவள் யார் என்று அவருக்குத் தெரியாது.

"காலைல வெந்நீர்ல வெச்சுப் பாருங்க," என்றாள் வெர்லீன். வேறு ஏதோ சொல்லத்தான் உள்ளே போயிருந்தாள். அது வரவில்லை.

டாக்டர் நனைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றார் சலே.

காரில் ஐனெஸ், உள்ளே என்ன அவ்வளவு நேரம் என்று கேட்டாள். சில்லறை இல்லை என்றாள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, அந்தக் கைமாற்றுப் பணத்தை விடு, பேத்தி பல் எங்கே ஓடிப்போகுது என்றாள் ஐனெஸ். வெர்லீன் விடமாட்டேன் என்றாள். சம்பள நாளில் முடிந்ததை ஒரு கவரில் போட்டு ஐனெஸின் பூட்ஸுக்குள் செருகி வைக்கிறாள். சலேயிடம் சொல்ல வேண்டியது அப்படியே கிடக்கிறது. ஐனெஸுக்கு இன்னும் நூற்று நாற்பது டாலர் தரவேண்டியிருக்கிறது.